யாருக்குக் கணக்கு ஒப்புவிப்பது?

தன் குறையைத் தானே கண்டு சொல்லுதல் மனிதனுக்குரிய உயர்ந்த ஆற்றல்களுள் ஒன்று. நீதிநூல்கள் அதனைத் தனிமனித ஒழுக்கமாகப் போற்றின. பொதுவுடைமை இயக்கங்கள் அதற்குச் சுயவிமர்சனம் என்று பெயரிட்டுக் கூட்டு வாழ்வின் கடமையாக்கின. ஆயின், இவ்வாற்றல் ஒரு நிறுவனத்துக்கும் வாய்க்குமா? ஒரு கல்லூரி தான் வளர்ந்த வரலாற்றையும் மாறிய வகையையும் தானே ஆராய்ந்து, தவறியவற்றைத் தவறியவை என்றே எழுதிவைக்க முடியுமா? முடியுமெனின், யார் முன்னிலையில் அவ்வாறு எழுத முடியும்? மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது நிருவாகம் பற்றிய வினாவாகத் தோன்றும். உண்மையில் இஃது அறம் பற்றிய வினாவாகும்.

ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இவ்வினா புதியதன்று. முன்னர் வித்தியாதரிசி வந்தார். இன்று மதிப்பீட்டுக் குழு வருகின்றது. பெயர் மாறினும் வருகைக்கு முந்திய வாரத்தின் காட்சி மாறவில்லை. சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்படுகின்றது, பூட்டிக் கிடந்த ஆய்வுகூடம் திறக்கப்படுகின்றது, எழுதாது விட்ட பாடக்குறிப்புகள் இரவோடிரவாக எழுதப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், நாம் கற்பித்த பாடசாலையொன்றில் இதனினும் இழிவான காரியமொன்றை நாமே செய்தோம். வாசிக்கத் திணறும் மாணவர் ஐவரைக் குழு வரும் நாளன்று வீட்டில் நிற்குமாறு சொல்லியனுப்பினோம். அவர்கள் வராமைக்குச் சுகவீனமே காரணமென்று கூறினோம். குழு எமது வகுப்பைப் புகழ்ந்து எழுதிச் சென்றது. மறுநாள் அவ்வைவருள் ஒருவன் எம்மிடம் வந்து, "சேர், நாங்கள் வந்திருந்தா பள்ளிக்கூடத்துக்குக் குறைவோ?" என்று கேட்டான். அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவனுக்கு அன்று சொல்லாத விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இவ்விடையைத் தேடுங்கால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமுதாயக் கல்லூரிகள் எமக்குப் பெரிதும் உதவுகின்றன. காரணம் இரண்டு. கல்லூரி தன்னைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுத, அதனைப் பிறர் பரிசீலித்துத் தர அங்கீகாரம் வழங்கும் முறை அந்நாட்டில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது என்பது ஒன்று. அந்நாட்டின் உயர்கல்வி நிலையங்களுள் எளியோருக்கு மிகுதியாகக் கதவு திறந்திருப்பவை சமுதாயக் கல்லூரிகளே என்பது மற்றையது. பெருநிதி படைத்த புகழ்பெற்ற பல்கலைக்கழகம் தர அங்கீகாரத்தை இழப்போமோ என்று உறக்கமிழப்பதில்லை. அவ்வச்சத்தின் பாரம் வந்து விழுவது ஏழைகளின் கல்லூரி மீதே. எனவே, அளப்பவனுக்கும் அளக்கப்படுபவனுக்கும் உள்ள உறவு அங்கே ஒளிவுமறைவின்றித் தெரிகின்றது.

சமுதாயக் கல்லூரிக்குப் பிறப்பிலேயே இரு முகங்கள் இருந்தன. 1901 ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில், உயர்நிலைப் பாடசாலையொன்றின் நிழலில், ஆறு மாணவருடன் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கியது. அதனை ஊக்குவித்தவர்களுள் முதன்மையானவர் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த வில்லியம் ரெயினி ஹாப்பர். பட்டப்படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் பல்கலைக்கழகம் உயராய்ச்சியில் ஈடுபடலாம் என்பது அவர் கருத்து. ஆகவே, ஊரில் வாழும் எளியவனுக்கு இது வீட்டருகே திறந்த கதவு. பல்கலைக்கழகத்துக்கோ, பெருங்கூட்டத்தைத் தன் முற்றத்துக்கு வெளியே நிறுத்தும் வேலி. இவ்விரண்டில் எது உண்மை என்று கேட்பது பிழை. இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றே அக்கல்லூரிகளின் வரலாற்றை இயக்கி வந்துள்ளன.

இரண்டாம் உலகப் போரின் பின் கதவு அகன்றது. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து மீண்ட படைவீரருக்குக் கல்விச் செலவை வழங்கியது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947 இல் வெளியிட்ட அறிக்கை, சமுதாயக் கல்லூரி என்னும் பெயரை நாடறியச் செய்ததோடு, அங்கே கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு வேண்டுமென்றும் கூறியது. 1960களில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கிற் புதிய கல்லூரிகள் எழுந்தன. அதே வேளை வேலியும் உறுதிப்பட்டது. 1960 ஆம் ஆண்டின் கலிபோர்னியா உயர்கல்விப் பெருந்திட்டம், உயர்நிலைப் பாடசாலையிலிருந்து வெளியேறுவோருள் முதல் எட்டிலொரு பங்கினரை மாநிலத்தின் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியோராக்கியது. எஞ்சிய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி என்று வகுத்தது. எவருக்கும் இடமில்லை என்று அத்திட்டம் சொல்லவில்லை. எவருக்கு எந்தப் படி என்பதை மாத்திரம் சொல்லிற்று. ஆனால், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் கீழ்ப்படியில் மிகுதியாகக் காணப்பட்டமை தற்செயலன்று.

அதே 1960 ஆம் ஆண்டில் சமூகவியலாளர் பேர்ட்டன் கிளாக், கலிபோர்னியாவின் கல்லூரியொன்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் சிந்தனைக்குரியது. பல்கலைக்கழகம் செல்லும் ஆசையோடு கல்லூரிக்குள் வரும் மாணவருட் பலர் அங்கே செல்வதில்லை. ஆயினும், அவர்களை யாரும் வாயிலில் மறித்து விரட்டுவதுமில்லை. நுழைவுச் சோதனை, அடிப்படை வகுப்பு, ஆலோசகரின் கனிவான பேச்சு ஆகியவற்றினூடாக அவர்களது ஆசை மெல்ல மெல்ல ஆறவைக்கப்படுகின்றது. ஈற்றில் மாணவன் குறுகியகாலத் தொழிற்பயிற்சி ஒன்றைத் தானே தெரிந்தெடுத்ததாக நம்புகின்றான். சமூகம் அவனுக்கு இழைத்த தவறு அவனுடைய தகுதிக் குறைவாக அவன் மனத்திற் பதிந்துவிடுகின்றது. கொடுமையின்றிச் செய்யப்படுவதாலேயே இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய கல்லூரியொன்று தன் வளர்ச்சியைப் பற்றி எழுத அமரும்போது எதனை எழுதும்? மாணவர் தொகை இவ்வளவிலிருந்து இவ்வளவுக்கு உயர்ந்தது. கட்டடங்கள் இத்தனை எழுந்தன. புதிய பாடநெறிகள் இத்தனை என எழுதும். இவை பொய்யல்ல. ஆனால் வளர்ச்சி வேறு, பெருக்கம் வேறு. அளவில் நிகழும் மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாக உருக்கொள்ளும் என்பது இயங்கியலின் பாலபாடம். அம்மாற்றம் எத்திசையில் நிகழ்ந்தது என்பதே கேள்வி. ஆயிரம் மாணவர் நுழையும் கல்லூரி பத்தாயிரவர் நுழையும் கல்லூரியாக மாறுங்கால், முன்னர் எவருக்குக் கதவு இல்லையோ அவர் உள்ளே வந்தாரா, வந்தவர் நிமிர்ந்து நின்றாரா, அன்றி ஆறவைக்கப்பட்டாரா என்று கேட்டாலன்றி வளர்ச்சி பற்றிப் பேச இயலாது. இக்கேள்வியை எழுப்புவதே உண்மையான தன்மதிப்பீட்டின் வேலையாகும்.

தர அங்கீகார முறையின் தோற்றம் ஒருவகையில் உயர்ந்த நோக்குடையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாடசாலைகளும் கல்லூரிகளும் தாமே கூடிச் சங்கங்களை அமைத்தன. அவ்வழியில் வளர்ந்த முறைப்படி, கல்லூரி முதலில் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே தயாரிக்கும். பிற கல்லூரிகளைச் சேர்ந்தோர் குழுவாக வந்து பார்த்துக் குறைநிறைகளைக் கூறுவர். பின்னர் சங்கத்தின் ஆணைக்குழு முடிவு சொல்லும். அரசின் அதிகாரியல்ல, அதே தொழில் செய்யும் சகபாடியே வந்து பார்க்கிறார் என்பதே இதன் சிறப்பு. அறிவுடையோர் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் தோழமை இதில் இருந்தது எனலாம்.

தோழமை நெடுநாள் தனித்து நிற்கவில்லை. 1952 ஆம் ஆண்டில், கொரியப் போரில் ஈடுபட்ட படைவீரரின் கல்விச் செலவு பற்றிய சட்டம், எந்தக் கல்லூரிக்கு அப்பணம் செல்லலாம் என்பதை அறியத் தர அங்கீகாரத்தைத் துணைக்கொண்டது. 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வறிய மாணவருக்கான மத்திய அரசின் உதவிப்பணத்தைப் பெருக்கியபோது இப்பிணைப்பு மேலும் இறுகியது. அதன்பின் தர அங்கீகாரத்தை இழக்கும் கல்லூரி உதவிப்பணத்தை இழக்கும். உதவிப்பணத்தை இழந்தால் ஏழை மாணவர் வர இயலாது. ஏழை மாணவரை நம்பியிருக்கும் கல்லூரி மூடப்படும். சகபாடியின் கருத்து இவ்வாறு சோற்றுப் பானையின் மூடியாயிற்று. முறை அதுவே, படிவங்கள் அவையே, தன்மதிப்பீடு என்ற சொல்லும் அதுவே. ஆனால், அதனைத் தாங்கும் சமூக உறவு மாறிவிட்டது. நண்பனிடம் ஒருவன் சொல்லும் குறை வேறு. கடன் கொடுத்தவனிடம் அவன் சொல்லும் குறை வேறு. பின்னவனிடம் பேசுபவன் உண்மையை மறைப்பானாயின், அவனை மட்டும் பொய்யன் என்று ஏசிப் பயனில்லை.

இதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியினுடையது. 1935 ஆம் ஆண்டு, பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அது நிறுவப்பட்டது. தொடக்கத்திற் சொந்தக் கட்டடமில்லை. நகரின் பல பகுதிகளிற் சிதறிக் கிடந்த வகுப்புகளுக்கு மாணவர் ட்ராம் வண்டியேறிச் சென்றமையால் "ட்ராம் வண்டிக் கல்லூரி" என்றே அதனை அழைத்தனர். மெக்சிக்கோவின் புகழ்பெற்ற பொதுவுடைமை ஓவியர் டியேகோ றிவேரா 1940 இல் அந்நகரத்துப் பொருட்காட்சியில் மக்கள் பார்த்திருக்கத் தீட்டிய பெருஞ்சுவரோவியம், 1961 இல் இக்கல்லூரியின் அரங்கில் நிறுவப்பட்டது. 22 அடி உயரமும் 74 அடி நீளமும் கொண்ட அவ்வோவியம், இரு அமெரிக்கக் கண்டங்களின் உழைப்பையும் கலையையும் ஒன்றிணைத்துக் காட்டுவது. செல்வர் மாளிகையிலன்றி உழைப்பாளரின் பிள்ளைகள் நடமாடும் கல்லூரியில் அது நெடுங்காலம் இருந்தமை பொருத்தமே.

கல்லூரியும் அவ்வோவியம் போலவே விரிந்தது. சீனாவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்த குடியேறிகளுக்குக் கட்டணமின்றி ஆங்கிலம் கற்பித்தது. சமையற்காரரையும் தாதியரையும் தீயணைப்பாளரையும் உருவாக்கியது. தொழிற்சங்கவாதிகளுக்குத் தொழிலாளர் கல்வி வழங்கியது. பல்கலைக்கழகம் செல்ல விரும்பியோரை ஆயத்தப்படுத்தியது. ஓய்வுபெற்ற முதியோருக்கும் வகுப்பு நடத்தியது. 2012 ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 90,000 மாணவர் பயின்றனர். 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியின் பின் மாநில அரசு பணத்தைக் குறைத்தபோது, கல்லூரி தன் சேமிப்பைக் கரைத்து வகுப்புகளையும் ஆசிரியரையும் காக்க முயன்றது. இம்முயற்சியை நாம் மதிக்கின்றோம். ஆயினும், அதன் கணக்குப் புத்தகம் சீராயிருக்கவில்லை என்பதையும், ஆட்சிமன்றத்திற் பூசல் மலிந்திருந்தது என்பதையும், முந்திய மதிப்பீட்டிற் சுட்டப்பட்ட குறைகள் பல தீர்க்கப்படாதிருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

2012 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தர அங்கீகார ஆணைக்குழு 14 குறைகளை எடுத்துக்காட்டி, அங்கீகாரம் ஏன் நீக்கப்படக்கூடாது என்று காரணங்காட்டுமாறு கல்லூரியைப் பணித்தது. கற்பித்தல் தாழ்ந்துவிட்டது என்பதன்று முதன்மையான குற்றச்சாட்டு. நிருவாகம், நிதி, திட்டமிடல், கற்றலின் பேறுகளை அளந்து எழுதிவைத்தல் என்பன பற்றியே பெரும்பாலும் பேசப்பட்டது. ஓராண்டின் பின், 2014 ஜூலை முடிவில் அங்கீகாரம் நீங்கும் என்ற தீர்ப்பு வந்தது. மக்கள் வாக்களித்துத் தெரிந்த ஆட்சிமன்றத்தின் அதிகாரம் அகற்றப்பட்டு, தனியொரு பொறுப்பாளரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரி மூடப்படும் என்ற செய்தி பரவியதும் பல்லாயிரம் மாணவர் விலகினர். மாணவர் விலக, மாணவர் தொகைக்கேற்ப வரும் பணமும் குறையத் தொடங்கியது. நோயாளிக்கு நோய் இருப்பதை அறிவித்தவரே அந்த அறிவிப்பால் நோயைப் பெருக்கிய விந்தையை இங்கே காண்கின்றோம்.

இதற்கிடையே நிகழ்ந்த மற்றொரு மாற்றம் எமது வினாவுக்கு மேலும் நெருக்கமானது. 2012 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்நெருக்கடியின் கீழ், கல்லூரி தன் குறிக்கோள் வாசகத்தையே திருத்தி எழுதியது. பல்கலைக்கழக மாற்றம், பட்டம், தொழிற்சான்றிதழ், ஆங்கிலமும் அடிப்படைத் திறன்களும் என்பன முதன்மைப் பணிகளாயின. வாழ்நாட் கல்வி முதலியவை வளம் இடந்தருமளவுக்கு மாத்திரம் செய்யப்படுவனவாகப் பின்தள்ளப்பட்டன. இங்கே நாம் நிதானித்து நோக்கவேண்டும். வளம் குன்றிய காலத்தில் எதனை முதலிற் காப்பது என்று ஆராய்ந்து முடிவு செய்வது குற்றமன்று. சில வேளை அதுவே நேர்மை. ஆனால், முதிய உழைப்பாளிக்கு வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை நகர மக்களும் ஆசிரியரும் மாணவரும் கூடி விவாதித்து எடுத்தனரா, அன்றி நாளை கதவு மூடப்படும் என்ற அச்சம் எடுத்ததா? தன் நோக்கத்தைத் தானே மாற்றிக்கொள்வது வளர்ச்சி. அளப்பவனின் கோலுக்கு ஏற்றவாறு நோக்கத்தை வெட்டிக்கொள்வது வேறு. இரண்டும் அறிக்கையில் ஒரே சொல்லாலேயே எழுதப்படும் என்பதுதான் இடர்.

அதே மாதங்களில் அந்நகர மக்கள் தமது தீர்ப்பையும் வழங்கினர். 2012 நவம்பரில், ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஆண்டுக்கு 79 டொலர் வரி செலுத்தி இக்கல்லூரியைக் காப்பதற்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். தாள்களைப் பார்த்த ஆணைக்குழு ஒன்று கூற, தம் பிள்ளைகளையும் பெற்றோரையும் அங்கே அனுப்பிய மக்கள் வேறொன்று கூறினர். மக்கள் கூறியதாலேயே அது முற்றும் சரியென்று நாம் வாதிடவில்லை. அவர்கள் கூறியதைக் கேட்பதற்கு அவ்வறிக்கையில் ஒரு பத்தியேனும் இருந்திருக்கவேண்டும் என்றே வாதிடுகின்றோம்.

பின்னர் அளந்தவரே அளக்கப்பட்டனர். 2013 ஆகஸ்டில் மத்திய கல்வித் திணைக்களம், ஆணைக்குழுவின் நடைமுறையிலேயே குறைகள் உண்டென எழுதியது. வருகைக் குழுக்களிற் கற்பிப்போர் போதியளவு இடம்பெறவில்லை என்பதும், ஆணைக்குழுத் தலைவரின் கணவரே இக்கல்லூரிக்கான குழுவொன்றில் இருந்தமை பக்கச்சார்பு பற்றிய ஐயத்துக்கு இடந்தந்தது என்பதும் அவற்றுட் சில. நகரச் சட்டத்தரணி தொடுத்த வழக்கில், 2014 ஜனவரியில் நீதிமன்று அங்கீகார நீக்கத்தைத் தடுத்து நிறுத்தியது. 2015 இல் வந்த தீர்ப்பு, சில குற்றங்களுக்கு மறுமொழி கூறும் வாய்ப்பைக் கல்லூரிக்கு வழங்காமலே ஆணைக்குழு முடிவெடுத்தது சட்டவிரோதம் என்றது. 2017 ஜனவரியில் ஏழாண்டுக்கு அங்கீகாரம் உறுதிப்படுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே, விலையுயர்ந்த கட்டடங்களின் கைமாற்றத்தின் மீது விதித்த வரியைத் துணைக்கொண்டு, நகரவாசிகளுக்கு அக்கல்லூரியிற் கட்டணமற்ற கல்வி தொடங்கியது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் 1984 வரை கட்டணம் இருக்கவில்லை என்பதை நினைந்தால், அது புதிய பரிசன்று, இழந்ததன் மீட்பே என்பது புலனாகும்.

எனினும், கதை மங்களமாக முடியவில்லை. விலகிச் சென்றோர் பலர் திரும்பவில்லை. 2022 இல் நிரந்தர ஆசிரியர் பலர் வேலைநீக்கப்பட்டனர். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிதியையும் ஆட்சிமன்றத்தையும் பற்றி மீண்டும் ஓர் எச்சரிக்கை வந்தது. வென்றோம் என்று கூவியவர்கள் உள்ளேயிருந்த சீர்கேட்டையும் கூவித் துரத்திவிடவில்லை. அநீதியான நீதிபதி நீங்கிவிட்டதால் குற்றவாளி தூயவனாகிவிடுவதில்லை என்பது இங்கே கற்கவேண்டிய இரண்டாவது பாடம்.

லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில், கறுப்பு மக்களும் இலத்தீன் அமெரிக்க மக்களும் வாழும் கொம்ப்டன் நகரின் கல்லூரி இதனை வேறொரு கோணத்திற் காட்டுகின்றது. அங்கே நிதிச் சீர்கேடும் ஆட்சிமன்றத்தின் முறைகேடும் மெய்யாகவே இருந்தன. 2006 இல் அது அங்கீகாரத்தை இழந்தது. அயலிலுள்ள கல்லூரியொன்றின் கிளையாகச் சுருங்கி, 2017 இலேயே மீண்டும் தன் பெயரில் அங்கீகாரம் பெற்றது. ஆட்சிமன்றத்தில் இருந்தோர் செய்த பிழைக்கு, ஒரு தசாப்தத்துக்கு மேலாகத் தனக்கென்று அங்கீகாரமுள்ள கல்லூரியின்றி நின்றது அந்நகரம். குற்றமிழைத்தவன் ஒருவன், தண்டனை பெற்றவன் மற்றொருவன். தீர்ப்புச் சட்டப்படி சரியாயிருந்திருக்கலாம். நீதியாயிருந்ததா என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.

இவ்விடத்தில் எம்மை மறுப்போர் ஒரு கேள்வியை எழுப்பலாம். "வெளியிலிருந்து எவரும் பாராவிட்டால் கல்லூரிகள் ஏழை மாணவரை ஏமாற்றமாட்டாவா?" என்பர். நேர்மையான கேள்வி. இலாபத்துக்காகக் கல்லூரி நடத்தும் முதலாளிகளின் வரலாறு இக்கேள்விக்கு வலுவூட்டுகின்றது. ஆனால், அதே வரலாறு வேறொன்றையும் சொல்கின்றது. கொரிந்தியன் என்னும் பெருங் கம்பனியின் கல்லூரிகள் 2015 இற் சரிந்து மூடப்படும் வரை தர அங்கீகாரத்தைக் கையில் வைத்திருந்தன. பொய்யான வேலைவாய்ப்புக் கணக்குகளைக் காட்டி மாணவரைச் சேர்த்த அக்கம்பனியிற் கடன்பட்டோர் ஏறத்தாழ 560,000 பேரின் 580 கோடி டொலர் கடனை 2022 இல் அரசு நீக்கவேண்டியதாயிற்று. தாள்களைச் சீராக வைத்திருந்த வஞ்சகன் தப்பினான். தாள்களைச் சீராக வைக்கத் தெரியாத ஏழைகளின் கல்லூரி சிக்கியது. அளவுகோல் எதனை அளக்கின்றது என்பது இதனால் ஓரளவு விளங்கும்.

பணத்தைப் பேற்றோடு பிணைக்கும் எண்ணம் பழையது. 1862 இல் இங்கிலாந்தில் றொபேட் லோ கொண்டுவந்த விதி, வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் தேறும் பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கியது. விளைவு யாதெனில், பரிசோதகர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் வாசிப்பு நூலை முழுவதும் மனனஞ் செய்தனர். நூலைத் தலைகீழாகப் பிடித்தும் "வாசித்தனர்" என்பர். 2018 இற் கலிபோர்னியா வகுத்த நிதிச் சூத்திரம் அதனினும் நாகரிகமானது. மாணவர் தொகைக்கு 70 வீதம், வறிய மாணவரின் தொகைக்கு 20 வீதம், பட்டமும் சான்றிதழும் பல்கலைக்கழக மாற்றமும் போன்ற பேறுகளுக்கு 10 வீதம் என அது பங்கிட்டது. வறியோரைச் சேர்ப்பதற்குத் தனிப்பங்கு ஒதுக்கியது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பகலில் உழைத்து, இரவில் வந்து, மருந்துப் போத்தலின் சீட்டை வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் கற்று, அதோடு நின்றுவிடும் ஒரு தாயைப் "பேறு" என்ற நிரலில் எங்கே எழுதுவது?

அளக்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. அளவுகோலை எறிந்துவிட்டால் ஆறவைக்கும் வேலை இன்னும் அமைதியாக நடக்கும். கணக்கின்றி இயங்கும் நிறுவனத்தில் முதலில் மறைந்துபோகிறவர்கள் ஏழைகளே. நாம் கூறுவது வேறு. சுயவிமர்சனம் உண்மையாயிருப்பதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். குறையை ஒப்புக்கொண்டதற்கான தண்டனை, அக்குறையால் ஏற்கெனவே துன்புற்றவர் மீது விழக்கூடாது. குறை காணப்பட்ட இடத்துக்குப் பணமும் ஆளும் கூடுதலாகச் செல்லவேண்டும். எதனை அளப்பது என்ற முடிவில் கற்பிப்போரும் கற்போரும் ஊராரும் பங்குகொள்ளவேண்டும். இவற்றினும் முதன்மையானது மூன்றாவது: கணக்கு இறுதியாக ஒப்புவிக்கப்படவேண்டியது ஆணைக்குழுவுக்கன்று, கல்லூரியை நம்பி வந்து இடையில் விலகிப்போனவனுக்கு. அவன் ஏன் வந்தான், எந்த வகுப்பில் நின்றான், எந்த நாளில் வராமல் விட்டான், அன்று எவரேனும் அவனைத் தேடினரா என்பதே தன்மதிப்பீட்டின் முதல் அத்தியாயமாக இருத்தல் வேண்டும்.

சமூக உறவுகள் மாறாமல் இந்நிபந்தனைகள் முற்றாக நிறைவேறா என்பதை அறிவோம். கல்விக்கான பணம் உரிமையாகவன்றிக் கொடையாக வரும்வரை, கொடுப்பவனின் முகத்தைப் பார்த்தே பெறுபவன் பேசுவான். ஆனால், அமைப்பு மாறும்வரை ஆசிரியன் பொறுப்பற்றவன் என்று இதனைக் கொள்ளலாகாது. அமைப்பின் மேற் பழியைப் போட்டு எமது கையைக் கழுவிக்கொள்வதும் ஒருவகைச் சுவர் வெள்ளையடிப்பே. சான்பிரான்சிஸ்கோவின் ஆசிரியரும் மாணவரும் வீதியில் இறங்கியிராவிட்டால் நீதிமன்று மட்டும் அக்கல்லூரியைக் காத்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. அதுபோலவே, தம்முள்ளே கூடித் தம் குறையைப் பேசும் பழக்கம் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தால், வெளியிலிருந்து வந்தவரின் கை இவ்வளவு ஓங்கியிராது. போராட்டமும் சுயவிமர்சனமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; ஒன்றின்றி மற்றையது நிலைக்காது.

அம்மாணவனின் வினாவுக்குத் திரும்புவோம். அவன் வந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் குறைவோ? ஆம், குழுவின் படிவத்திற் குறைவாகவே எழுதப்பட்டிருக்கும். ஆனால், அக்குறைவு அவனுடையதன்று, எம்முடையது. பத்தாண்டு பாடசாலைக்கு வந்தும் அவனுக்கு வாசிக்க வரவில்லை என்ற செய்தியைச் சொல்ல அன்று அங்கே இருந்த ஒரே சாட்சி அவன். அந்தச் சாட்சியை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எமது வகுப்புச் சிறந்தது என்ற அறிக்கையைக் கையொப்பமிட்டு வாங்கினோம். அடுத்த முறை குழு வரும்போது ஐவரும் முன்வரிசையில் இருப்பர். அதனால் எமக்கு வரக்கூடிய கண்டனம் பெரிதன்று. குழு வராத நாட்களில் அவர்களை முன்வரிசையில் இருத்தி, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கினோமா என்பதே பெரிது. அதற்கு எந்தப் படிவத்திலும் நிரல் இல்லை. அவ்விடையை அவர்களே சொல்லவேண்டும்.